அக்கா போட்ட உருவு முடிச்சு

ஏழு வயதில் ஒருநாள் மலையிலிருந்து முக்கால்வாசி அம்மணமாக வீட்டுக்கு வந்தேன். ஊரே பார்த்தது. எல்லாம் என் புத்திசாலித்தனத்தால் வந்த வினை.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருந்தது. நானும் அக்காவும் ஆடு மேய்க்கப் போவோம். அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். அன்றைக்கு ஒரு குட்டி கூட்டத்தை விட்டு ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். திரும்பி வர வழி தெரியவேண்டுமே என்று பாவாடையைக் கிழித்துப் புதருக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டே போனேன். பாவாடை தீர்ந்துபோயிற்று, குட்டி கிடைக்கவில்லை. ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா ஒவ்வொரு துண்டாக அவிழ்த்துக் கையில் சேர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி, வழி காட்ட ஒரு முழுப் பாவாடையா ஓணும் உனக்கு?"

"தீந்துபோச்சுக்கா."

"தீந்ததே நல்லது. இல்லாங்காட்டி திருப்பதி வரைக்கும் போய்க்கினே இருந்திருப்ப."

அம்மா துடைப்பத்தை எடுத்தாள். நைனா சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே போய்விட்டார். மறுநாள் மலையில் அக்கா ஒரு சட்டம் போட்டாள். சர்க்கார் சட்டமெல்லாம் அதற்கு முன்னால் நிற்க முடியாது. ஒரே ஒரு துணிதான் கட்டவேண்டும். நடக்கிற தடத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்குகிற இடத்தில் கட்டவேண்டும். எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம் துணியின் வால் தொங்கவேண்டும். திரும்பி வந்ததும் அவிழ்த்துக்கொள்ளவேண்டும். போட்டவள்தான் அவிழ்க்கவேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

"துணி கட்டினபடி இருந்தா ஆள் இன்னும் உள்ள கீறான்னு அர்த்தம். பாத்தவ நிக்கணும். நின்னு கூப்புடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"உள்ள மாட்டிக்கினா சொம்ப எடுத்துக் கல்லால மூணு தட்டு. நிறுத்து. இன்னும் மூணு தட்டு. வாய் வலிக்கும், சொம்பு வலிக்காது."

முடிச்சு உருவு முடிச்சு. வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கையோடு வந்துவிடும். துணி வீணாகாது, அம்மாவிடம் அடி விழாது. அக்கா கையால் அந்த முடிச்சைத்தவிர வேறு முடிச்சு வந்து நான் பார்த்ததில்லை. மூட்டை கட்டினாலும் அதுதான், கன்றுக்குட்டியைக் கட்டினாலும் அதுதான். கன்று ஓடிப்போய் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறாள்!

பெரியவளாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணமாகிச் சித்தூருக்குப் போன பிறகு, என்னைப் பார்க்க வந்தால் கொல்லைக்குப் போகும்போதுகூடக் கதவுக் கொக்கியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவாள். என் மாமியாருக்கு அதைக் கண்டால் ஆகாது.

"உங்கக்கா எங்க போனான்னு ஊருக்கே சொல்லணுமா? அதுக்கு ஒரு கொடியா?"

"எந்தப் பக்கம்னும் சொல்லிக்கீறா பாருங்க அத்தை" என்பேன். அக்கா கொல்லையிலிருந்து சிரிப்பது கேட்கும்.

சித்தூரில் மாமாவுக்கு மாட்டுவண்டி இருந்தது. மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையத்திலிருந்து கூடை கூடையாக ஏற்றி வருவார். வாய் திறந்து பேசமாட்டார். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். அவளுக்கு இரண்டு பிறந்தது, இரண்டும் தங்கவில்லை. அதைப்பற்றி மட்டும் அவள் பேசமாட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் இல்லை. எனக்கு நாள் தள்ளிப்போவது சகஜம். இரண்டு மாசம் போகும், மூன்று மாசம் போகும், அத்தை முகம் மலரும், பிறகு வாடும். நாலைந்து முறை ஏமாந்தபின் அத்தை மாசம் எண்ணுவதையே விட்டுவிட்டார். வேண்டுதலில் இறங்கினார். புரட்டாசி சனிக்கிழமை திருப்பதி மலை ஏறுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆண்கள் நாலு பேர். அக்காவும் சித்தூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். மாமாவுக்கு வண்டி வேலை, வரவில்லை.

அப்போது மலைமேல் பஸ் கிடையாது. எல்லோரும் நடைதான். ஒரு பழைய வேட்டியை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, நாடா நாடாவாகக் கிழித்து, ஆளுக்கு நாலு துண்டு இடுப்பில் சொருகிக்கொண்டோம். குழந்தை வேண்டுகிறவர்கள் மலைப்பாதையில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டுவார்கள். மூன்று முடிச்சு இறுக்கிப் போடவேண்டும். குழந்தை பிறந்தால் தூக்கிவந்து ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, சின்னத் தொட்டில் கட்டவேண்டும். அக்காவும் நாலு துண்டு வாங்கிச் சொருகிக்கொண்டாள்.

காலையில் சோற்று மூட்டையை அவள்தான் கட்டி என் வீட்டுக்காரர் தலையில் வைத்தாள். ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் மலைப்பாதை நடுவே நிற்கிற காலி கோபுரம் வரைக்கும் ஏறி, நாக்குத் தள்ள உட்கார்ந்தோம்.

"வாய் இன்னமோ மாதிரி கீதுக்கா" என்றேன். "சோறுன்னாலே புடிக்கல. ஒரு சீதாப்பழம் கெடச்சா துன்னலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"எத்தினி நாளாடி?"

"இன்னா எத்தினி நாளா?"

"ஒண்ணுமில்ல." கொஞ்ச தூரத்தில் அத்தை படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள். சிரித்தாளா, சிரிப்பை அடக்கினாளா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. "நான் முன்னாடி போறேன். நீ உங்க அத்தையோட தேர் மாதிரி அசைஞ்சு வா."

"என்ன வுட்டுட்டுப் போற, உன்ன சிறுத்த தூக்கினு போவப்போவுது."

"தூக்கினு போனா திரும்பக் கொண்டாந்து வுட்டுடும். என் வாயத் தாங்குமா அது?"

பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். அவள் முதுகைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

அத்தையோடு நடப்பது என்றால் படிக்கு ஒரு கற்பூரம். முழங்கால் மேடு என்கிற செங்குத்து ஏற்றத்துக்கு முன்னால் பாதை கொஞ்ச தூரம் சமமாக, காட்டுக்கு நடுவே போகும். அங்கே ஒரு வளைவில், பாதை ஓரம், ஒரு காட்டு நெல்லி மரம் நின்றது. தாழ்ந்த கிளையில் ஒரே ஒரு மஞ்சள் துணி.

"தோ பாருங்க அத்தை, துணி கட்டிக்கீது."

"ஒண்ணுதானே கீது?"

"சாமி இப்பதான் வந்து குந்தியிருக்குது போல. நாம முன்னாடி கேட்டுக்கினா நமக்குத்தான் மொதல்ல குடுக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு யாராவது சிரித்துவிட்டால் போதும், நிறுத்தத் தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தத் துணியில் உருவு முடிச்சு போட்டிருந்தது.

அதை என் கண்ணால் பார்த்தேன். இதை எழுதும்போது கையெழுத்து கோணல் மாணலாகப் போகிறது, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவள் கை வேறு எப்படிப் போகும்? பார்த்தேன். பார்த்துவிட்டு இப்படிச் சொன்னேன்:

"எவ இவ, சாமிகிட்ட புள்ள கேட்டுட்டு உருவு முடிச்சு போட்டு வெச்சிக்கீறா! புள்ள உருவிக்கினு ஓடிடாது?"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தைகூடச் சிரித்தார், அது அபூர்வம். சிரித்துவிட்டு, "பாவம், யாரு பெத்த பொண்ணோ, தெரியாம போட்டுக்கீறா. நீயே நல்லா கட்டி வுடு. புண்ணியமாப் போவும்" என்றார்.

வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். கையோடு வந்தது. அதையும் என் துணியையும் ஒன்றாகச் சேர்த்து, மூன்று முடிச்சு, பல்லால் கடித்து இறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஒரு குழந்தை கேட்டேன். போனால் போகிறது என்று அந்த யாரோ ஒருத்திக்கும் ஒன்று கேட்டேன்.

பிறகு எல்லோரும் கட்டினார்கள். நாலு பெற்றவளும் கட்டினாள். மருமகளுக்கு என்று ஒன்று, சினைப் பிடிக்காத பசுவுக்கு என்று ஒன்று. "கோவிந்தா, கோவிந்தா" என்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே நடந்தோம்.

மலைமேல் சத்திரத்தில் அக்கா இல்லை. முன்னால் வந்த ஆண்களைக் கேட்டேன்.

"அண்ணி வரவே இல்லியே" என்றார் என் வீட்டுக்காரர். "உங்களோடதான வருதுன்னு நெனச்சோம்."

குளத்தில் முழுகப் போயிருப்பாள் என்றார்கள். கூட்டத்தில் நிற்பாள் என்றார்கள். குளத்தைச் சுற்றிப் பார்த்தேன், கோயிலைச் சுற்றிப் பார்த்தேன், மற்றச் சத்திரங்களில் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம் ஆயிற்று. அத்தை, "மொதல்ல வாயில எதையாச்சும் போடு, அப்புறம் தேடலாம்" என்று சோற்று மூட்டையை என் முன்னால் நகர்த்தினார். முடிச்சைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு. கையோடு வந்தது.

"இத யாரு கட்டுனது?"

"உங்கக்காதான் காலையில கட்டிக் குடுத்துச்சு. ஏன்?"

சோறெல்லாம் தரையில் கொட்டிற்று. நான் எழுந்து ஓடினேன். பாதை தொடங்குகிற இடத்தில் காவலுக்கு இருந்தவர்கள் தடுத்தார்கள். இருட்டுகிற நேரத்தில் சிறுத்தை நடமாட்டம், ஒருத்தரையும் கீழே விடமாட்டோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையைக் கடித்தேன். அந்தத் தழும்பு சாகிறவரைக்கும் அவருக்கு இருந்தது. யாராவது கேட்டால், பெண்டாட்டி அன்பாகக் கடித்தது என்பார். கடைசிவரை அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடிந்தும் விடியாமலும் இறங்கினோம். காட்டில் தேன் எடுக்கிறவர்கள் மூன்று பேரை என் வீட்டுக்காரர் எப்படியோ பிடித்து அழைத்துவந்தார். வளைவு வந்தது. மரம் எங்கே என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்களுக்குப் பின்னால் ஏறினவர்கள் எத்தனை ஆயிரமோ. நெல்லி இலை ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாம் மஞ்சள். கிளைக்குக் கிளை, கொம்புக்குக் கொம்பு, ஒன்றின்மேல் ஒன்று துணி. அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவும் போட்டுவிட்டார்கள். ஒரே நாளில்.

நான் துணிகளைப் பிய்க்க ஆரம்பித்தேன். என் முடிச்சு எங்கே, அவள் துணி எங்கே, எந்தக் கிளை? எந்தக் கிளை என்று தெரிந்தால் வால் எந்தப் பக்கம் இருந்தது என்று ஞாபகம் வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ஏறி வந்த பெண்கள் என்மேல் பாய்ந்தார்கள்.

"யாருடி இவ, வேண்டுதல் துணிய அவுக்குறா!"

"கைய வெட்டணும்!"

ஒருத்தி என் மயிரைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் குழந்தை இல்லையோ என்னவோ. அத்தை குறுக்கே வந்து, "எம் மருமவளுக்கு மனசு சரியில்லம்மா, வுட்டுடுங்க" என்று கும்பிட்டார்.

தேன் எடுக்கிறவர்களில் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கினதும் என் கிட்டே வந்து தெலுங்கில் கேட்டார்.

"ஏ பக்கம்மா? ஏ பக்க போயிந்தி?"

எந்தப் பக்கம் போனாள்? பாதைக்கு வலப்பக்கம் சரிவு. சீதாமரங்கள் அங்கே நின்றது பாதையிலிருந்தே தெரிந்தது. இடப்பக்கம் இறக்கம், புதர், கீழே எங்கேயோ ஓடை இரைச்சல். துணியை நான் கையில் பிடித்தவள். வாலைப் பிடித்து இழுத்தவள். அந்த வால் எந்தப் பக்கம் தொங்கியது? நான் அடித்த கேலி ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருந்தது. வால் மட்டும் ஞாபகம் இல்லை.

"வலப்பக்கம்" என்றேன்.

அன்றைக்கு முழுக்க வலப்பக்கம் தேடினார்கள். மறுநாளும் பாதி நாள் வலப்பக்கம் தேடினார்கள். நான் அந்த வளைவிலேயே நின்று கூப்பிட்டேன். ஆடு மேய்க்கும்போது கூப்பிடுகிற மாதிரி, கையை வாயில் குவித்து, "கூ" என்று. ஏறிப் போகிறவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "கோவிந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மன் இறங்கினவள் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ, ஒருத்தி என் காலில் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் இறங்கினார். வலப்பக்கச் சீதாமரங்களில் ஒரு பழம்கூட இல்லை, ஏறுகிறவர்கள் எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். பழம் தேடுகிறவள் அங்கே எதற்குப் போகப்போகிறாள் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை எனக்கு வந்திருக்கவேண்டும்.

ரொம்ப தூரம் இல்லை. பாதையில் நின்று உரக்கப் பேசினால் கேட்கிற தூரம், ஓடை மட்டும் இரையாமல் இருந்தால். பாறை வழுக்கி விழுந்திருக்கிறாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, இரண்டு நாளாக ரத்தம் போயிருந்தது. வேறு ஒரு காயமும் இல்லை. கால்தான். நாங்கள் புத்தூர்க்காரர்கள். எந்தெந்தச் சீமையிலிருந்தோ ஒடிந்த எலும்போடு வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார்கள், முட்டை பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு நடந்து போவார்கள். சனிக்கிழமையே தூக்கி வந்திருந்தால் தைப்பொங்கலுக்கு அவள் ஓடியிருப்பாள்.

மடியில் ஒன்பது சீதாப்பழம். மூன்று அவள் தின்றிருந்தாள். மூன்றாவது பழத்தோல் இன்னும் காயவில்லை. பெரியவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி ஏதோ மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டது. இன்றைக்குக் காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார்.

பக்கத்தில் பித்தளைச் சொம்பு. அதைச் சொம்பு என்று சொல்ல முடியாது. சுற்றிலும் நசுங்கி, நெளிந்து, ஒரு பக்கம் ஓட்டையே விழுந்துவிட்டது. கையில் கல் இருந்தது.

அதைப் பார்த்ததும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, அன்னிக்கு அந்த மரத்தாண்ட எனக்குக் கேட்டுச்சே! டங், டங், டங்குனு. தாசருங்க சேகண்டி அடிச்சிக்கினு வராங்கன்னு நெனச்சிக் கும்புட்டேனே! உங்கிட்ட சொல்லலாம்னு திரும்பினேன், நீ எல்லாரையும் சிரிக்க வெச்சிக்கினு இருந்த!"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

சித்தூருக்குச் சேதி சொல்ல நானும் என் வீட்டுக்காரரும் போனோம். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மாமா வாளியைக் கீழே வைக்கவில்லை. மாடு குடித்து முடிக்கிறவரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தனியா காட்டுக்குள்ள எறங்குனாளா?"

"ஆமா மாமா."

"துணி கட்டிட்டுப் போயிருப்பாளே. கொல்லைக்குப் போனாக்கூடக் கட்டுவாளே. நீ பாக்கலியா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"கட்டல மாமா" என்றேன்.

"கட்டலியா?"

"மறந்துட்டா போல கீது."

"மறந்துட்டாளா" என்றார். அதற்குப் பிறகு அவர் இருபது வருஷம் இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைப்பார். அவர் பேசுகிற நாலு வார்த்தையில் ஒன்று இதுவாகத்தான் இருக்கும்: "அன்னிக்கு மட்டும் மறந்துட்டா பாரேன். அவ்ளோ உசாரானவ." நான் ஆமாம் மாமா என்பேன். மாம்பழத்தை நறுக்கிக் கொடுப்பேன். ஊரையே சிரிக்க வைக்கிற வாய் எனக்கு. உண்மையை அவர் முன்னால் எடுத்துவைக்க மட்டும் அது திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், கேட்க அவர் இல்லை. மாமா, அவள் மறக்கவில்லை. கட்டினாள். சரியாகத்தான் கட்டினாள்.

சித்திரையில் எனக்குப் பெண் பிறந்தாள். புரட்டாசியில் வேண்டிக்கொண்டு சித்திரையில் பிறந்தது என்றால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மருத்துவச்சி குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "ஏழு மாசத்துப் புள்ளையா இது? பூசணிக்கா மாதிரி கீது" என்று சிரித்தாள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மரத்து அம்மன் ஏழே மாசத்தில் முழுப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அத்தை வாய் வழியாக அந்த மரத்தின் பேர் நகரி வரைக்கும் போயிற்று.

எனக்குத்தான் தெரியும். காலி கோபுரத்தில் வாய் என்னமோ மாதிரி இருக்கிறது என்று சொன்னபோதே அவள் என் வயிற்றில் இருந்தாள். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. அத்தை முன்னால் சொல்லி, மறுபடி பொய்யாகப் போனால் என் பாடு என்ன ஆகும் என்று வாயை மூடிக்கொண்டு, பழம் தேடப் போனாள். இருக்கிற குழந்தையைக் கேட்டு நான் மூன்று முடிச்சு போட்டேன்.

குழந்தைக்கு ஒரு வயசு முடிந்ததும் அத்தை விடவில்லை. தொட்டில் கட்டவேண்டும், முடிச்சு அவிழ்க்கவேண்டும், இல்லாவிட்டால் அம்மனுக்குக் கோபம் வரும். போனோம். மரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். கல்லுக்குப் பாவாடை சாத்தி, ஓலைக் கூரை போட்டு, பூசாரி ஒருவர் மணி அடித்துக்கொண்டிருந்தார். கூரைக்குப் பக்கத்தில் ஒருவர் மஞ்சள் துணியும் மரத்தொட்டிலும் விற்றுக்கொண்டிருந்தார். சிரித்த முகம், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாம்மா, கொழந்த அம்மன் குடுத்ததா? முகத்துலயே தெரியுதே! ரொம்பச் சத்தியுள்ள அம்மன்மா. எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடிலேருந்து கீது. மூணு முடிச்சு போடணும், அதான் இங்க வழக்கம்."

"தாத்தா பாத்துக்கீறாரா?" என்றேன்.

"அவங்க தாத்தா பாத்துக்கீறாரு!"

அத்தை என்னை முழங்கையால் இடித்தார். "வாயாடாத. ஒண்ண அவுத்து வுடு, நேரமாவுது."

"போட்டவதான் அவுக்கணும் அத்தை."

"நீதானடி போட்ட."

குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு மரத்தண்டை போனேன். தாழ்ந்த கிளை இப்போது துணியின் கனத்தில் இன்னும் தாழ்ந்திருந்தது. உள்ளே கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகிறது. மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, இற்று, கையில் பட்டால் பொடியாகிறது. அக்காவுடையது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவள் வந்தால் அவளாலேயே சொல்ல முடியாது. எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு அந்த வியாபாரியிடம் ஒரு புதுத் துணி வாங்கினேன். மேலே காலியாக இருந்த ஒரு கொம்பில் உருவு முடிச்சு போட்டேன். வாலை இடப்பக்கம் தொங்கவிட்டேன், ஓடைப் பக்கம். கையைக் குவித்து ஒரு முறை, மெல்ல, "கூ" என்றேன். என் பெண் அத்தை இடுப்பிலிருந்து அதைக் கேட்டுவிட்டு அவளும் "கூ" என்றாள்.

படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வியாபாரி மேடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். என் துணியைக் கையில் பிடித்து, வாலை இழுத்து உருவி, நன்றாக நீவிவிட்டு, அதே கொம்பில் மூன்று முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். பல்லால் கடித்து இறுக்கினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீ போட்டது நிக்காதும்மா, உருவிக்கினு வந்துடும். நான் கெட்டியா போட்டுட்டேன். நீ கவலப்படாம போ, இனிமே அவுராது."